பாத் நகரத்தில் ரெண்டு நாள்: அந்த வெந்நீர் யாருக்கு?

இன்னைக்கு எபிசோட் ஒரு வீக்கெண்ட் ட்ரிப் பத்தி. எங்க சாப்பிடலாம், எங்க சுத்தலாம்னு சொல்லப் போறேன். ஆனா நம்ம நிகழ்ச்சி வரலாறு பேசுற நிகழ்ச்சி. அதனால பன் சாப்பிட்டுக்கிட்டே ஒரு கேள்வியையும் கூட எடுத்துக்கிட்டுப் போவோம்.

அந்தக் கேள்வியைக் கேட்டது நான் இல்லை, எங்க அம்மா. வேலூர்ல இருந்து என்னைப் பார்க்க லண்டன் வந்திருந்தாங்க. அம்மாவுக்கு ரொம்ப வருஷமா முட்டி வலி. "ஒரு ஊர் இருக்கும்மா, பூமிக்குள்ள இருந்து தானாவே வெந்நீர் வருது, ரெண்டாயிரம் வருஷமா ஜனங்க வலிக்கு அங்கதான் போறாங்க"ன்னு சொன்னதும் பையை எடுத்து வச்சுட்டாங்க.

ஊர் பேர் பாத். ஆமா, பேரே குளியல்தான். லண்டன் பாடிங்டன் ஸ்டேஷன்ல இருந்து ரயில்ல ஒன்றரை மணி நேரம். பெரிய ஊர் இல்லை. பார்க்க வேண்டியது முக்கால்வாசி நடந்தே பார்த்துடலாம், ஆனா மேடு ஏறணும். முட்டி வலிக்காரங்களைக் கூட்டிட்டுப் போறவங்க அதை மனசுல வச்சுக்கோங்க.

சனிக்கிழமை காலை: ஒரு பன், ஒரு கதை

இறங்கின உடனே சாப்பாடு. அபே தேவாலயத்துக்குப் பக்கத்துச் சந்துல சாலி லன் கடை இருக்கு. ஊர்லயே ரொம்பப் பழைய வீடுகள்ல ஒண்ணு அது. அங்க கிடைக்கிற சாலி லன் பன் நம்ம பேக்கரி பன் மாதிரி கைக்குள்ள அடங்காது. தட்டு அளவுக்குப் பெருசா, பஞ்சு மாதிரி இருக்கும். பாதியா அறுத்து டோஸ்ட் பண்ணித்தான் கொடுப்பாங்க. வெண்ணெய், ஜாம் தடவியும் சாப்பிடலாம், சிக்கன் மாதிரி உப்பு அயிட்டம் வச்சும் சாப்பிடலாம். கீழ்த்தளத்துல சின்னதா ஒரு மியூசியம். ரோமன் காலத்து அஸ்திவாரம் வரைக்கும் தோண்டி வச்சிருக்காங்க.

1680ல் பிரான்ஸ்ல மத ஒடுக்குமுறைக்குப் பயந்து ஓடிவந்த ஒரு பொண்ணு, பேர் வாயில நுழையாம சாலி லன்னு ஆயிட்டா, அவதான் இந்த பன்னைக் கொண்டு வந்தான்னு சொல்வாங்க. நல்ல கதைதான். ஆனா 1930களில் அந்த வீட்டை வாங்கினவங்க, "ரகசிய அலமாரியில பழைய காகிதம் கிடைச்சுது"ன்னு சொன்னதுல இருந்துதான் இந்தக் கதை ஊரெல்லாம் பரவுது. பன்னைப் பத்தின எழுத்து ஆதாரமோ 1780 வாக்கில்தான் கிடைக்குது. நடுவுல 100 வருஷம் காணோம்.

இதை ஏன் முதல்லயே சொல்றேன்னா, பாத் ஊர் கதை விக்கிற ஊர். கதையும் தண்ணியும்தான் அங்க வியாபாரம். ரெண்டையும் கொஞ்சம் உரசிப் பார்த்துதான் வாங்கணும்.

தகடு எழுதி வச்சவங்க

அடுத்து ரோமன் பாத்ஸ். டிக்கெட்டை ஆன்லைன்ல முன்னாடியே போட்டுடுங்க.

பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி பெய்த மழை. பூமிக்குள்ள கிலோமீட்டர் கணக்குல இறங்கி, அந்தச் சூட்டுல காய்ஞ்சு, பாறை வெடிப்பு வழியா மறுபடியும் மேல வருது. ஊற்றுல 46 டிகிரி செல்சியஸ் சூடு. ஒரு நாளைக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேல. ரோமானியர்கள் வர்றதுக்கு முன்னாடியே உள்ளூர் மக்கள் இதை சூலிஸ்ங்கிற தேவதையோட ஊற்றுன்னு கும்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. கி.பி. முதல் நூற்றாண்டுல வந்த ரோமானியர்கள் அந்தத் தேவதையை விரட்டல. தங்களோட மினர்வாவையும் அவளையும் ஒண்ணாக்கி, சூலிஸ் மினர்வான்னு கோயில் கட்டி, பக்கத்துலயே குளியல் கூடமும் கட்டினாங்க.

பெரிய குளத்தோட அடிப்பக்கம் முழுக்க காரீயத் தகடு பதிச்சிருக்கு. 45 தகடுகள். இன்னைக்கும் தண்ணி ஒழுகாம நிக்குது. இந்தக் காரீயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, நாளைக்கு மறுபடி வரும். சுத்தி நிக்கிற சிலைகளைப் பார்த்து ரோமன்னு ஏமாந்துடாதீங்க, அதெல்லாம் விக்டோரியா காலத்து வேலை. அந்தப் பச்சை நிறமும் பாசிதான். ரோமானியர் காலத்துல மேல கூரை இருந்தது, வெயில் படாது, பாசியும் பிடிக்காது.

எனக்கு அங்க ரொம்பப் பிடிச்சது தகடுகள். நம்ம ஊர்ல ஆகாதவங்களுக்குத் தகடு எழுதி வைக்கிறதுன்னு சொல்வோம்ல, அதே சமாச்சாரம். சின்னக் காரீயத் தகட்டுல சாபத்தை எழுதி, சுருட்டி, ஊற்றுல போட்டிருக்காங்க. சுமார் 130 தகடு கிடைச்சிருக்கு. பெரும்பாலும் திருட்டுப் புகார்தான். குளிக்கப் போன இடத்துல துணி போச்சு, போர்வை போச்சு, காசு போச்சு. டாசிமெடிஸ்னு ஒருத்தர் ரெண்டு கையுறையைத் தொலைச்சிருக்கார். எடுத்தவனுக்குப் புத்தியும் கண்ணும் போகணும்னு தேவதைகிட்ட மனு போட்டிருக்கார்.

யோசிச்சுப் பாருங்க. துணிமணிக்குக் காவலா ஆள் வச்சுக்க முடிஞ்சவங்க எதுக்குத் தகடு எழுதப் போறாங்க? ஒரு ஜோடி கையுறை போனா வலிக்கிற ஆளுங்களும் இந்தக் குளத்துக்கு வந்திருக்காங்க. அவங்களுக்குப் போலீஸ் ஸ்டேஷன் இந்த ஊற்றுதான்.

அம்மா தகட்டையெல்லாம் பார்த்துட்டு நேரா குளத்தோரமா போனாங்க. ஆவி பறக்குது. செருப்பைக் கழட்டப் போனாங்க. நான் ஓடிப்போய்ப் பிடிச்சேன். தண்ணியைத் தொடக்கூடாதுன்னு போர்டு வச்சிருக்கு.

"இவ்ளோ தூரம் வந்து கால் கூட நனைக்கக் கூடாதா? அப்போ இந்தத் தண்ணி யாருக்குடி?"

இதுதான் அந்தக் கேள்வி.

வெளியே வர்ற வழியில சுத்திகரிச்ச ஊற்றுத் தண்ணியைக் குடிக்கத் தராங்க. வெதுவெதுன்னு, வெயில்ல கிடந்த இரும்பு வாளித் தண்ணி மாதிரி ஒரு ருசி. அம்மா ஒரு வாய் குடிச்சாங்க. மிச்சத்தைக் குடிக்கல, கப்பை அப்படியே முட்டியில வச்சு ஒத்தடம் கொடுத்துக்கிட்டாங்க.

பம்ப் ரூம்: டீ குடிக்கிறதுக்கு ஒரு அரண்மனை

பக்கத்துலயே பம்ப் ரூம். சரவிளக்கு, உயரமான தூண், வெள்ளை மேஜைவிரிப்பு. மதிய டீ சொன்னா அடுக்குத் தட்டுல சின்னச் சின்ன சாண்ட்விச், ஸ்கோன், கேக் வரும். விலை ஜாஸ்திதான். ரெண்டு பேர் போனா ஒரு டீ செட்டும் ஒரு பாத் பன்னும் போதும். பாத் பன் வேற, சாலி லன் வேற. இது சின்னது, தலையில கல்கண்டு மாதிரி சர்க்கரை தூவி இருக்கும். அந்தச் சர்க்கரைக்கும் ஒரு கதை இருக்கு, வர்றேன்.

18ஆம் நூற்றாண்டுல இந்த ஊரைப் பணக்காரங்களோட விடுமுறை ஊரா மாத்தினதுல மூணு பேருக்குப் பெரிய பங்கு. முதல் ஆள் ரிச்சர்ட் நாஷ், செல்லமா போ நாஷ். சூதாட்டக்காரர். ஊரோட விழா நிர்வாகி ஆனார். வாள் கட்டிக்கிட்டு வரக்கூடாது, நடனம் ராத்திரி 11 மணிக்கு முடியணும்னு சட்டம் போட்டார். பிரபுவானாலும் அதேதான். ரெண்டாவது ஆள் ரால்ஃப் ஆலன், தபால் வழி ஒப்பந்தத்துல சம்பாதிச்சு, பக்கத்து மலையில கல் சுரங்கம் வாங்கினவர். இன்னைக்கும் ஊர் தேன் நிறத்துல மின்னுறது அந்தக் கல்லாலதான். மூணாவது ஆள் ஜான் வுட், கட்டடக் கலைஞர்.

அந்தக் காலத்து ஒரு நாள் எப்படி இருக்கும்? விடியற்காலை குளியல். பெண்கள் உடம்போட ஒட்டாத கெட்டியான கான்வாஸ் அங்கி போட்டுக்கிட்டுத்தான் தண்ணியில இறங்குவாங்க. அப்புறம் இந்த ஹால்ல நின்னு ஊற்றுத் தண்ணியை கிளாஸ் கிளாஸா குடிப்பாங்க. அப்புறம் தேவாலயம், ஊர்வம்பு, சாப்பாடு, சீட்டாட்டம், நடனம். கல்யாணத்துக்கு வரன் பார்க்கிறதும் இங்கதான். நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் 1801ல் இருந்து 1806 வரைக்கும் இந்த ஊர்ல இருந்தாங்க. ரெண்டு நாவல்ல இந்த ஊர் வருது.

சாயங்காலம்: ஆற்காட்டு கிளைவும் சர்க்கரைக் காசும்

டீ குடிச்ச தெம்புல மேடு ஏறினா சர்க்கஸ். சர்க்கஸ்னா கூடாரம் இல்லை, வட்டமா கட்டின வீடுகள். ஜான் வுட் வரைஞ்சு, 1754ல் வேலை ஆரம்பிச்ச வருஷமே இறந்துட்டார். மகன் முடிச்சார். மகன் பேரும் ஜான் வுட்தான். கொஞ்சம் தள்ளி ராயல் கிரெசன்ட், பிறை மாதிரி வளைஞ்சு நிக்கிற 30 வீடு, 1767ல் இருந்து 1774க்குள்ள கட்டினது. முன்னாடி புல்வெளியில உட்கார காசு இல்லை. முடிஞ்சா பின்பக்கமும் சுத்திப் பாருங்க. முகப்பு மட்டும்தான் ஒரே டிசைன். பின்னாடி அவங்கவங்க இஷ்டத்துக்குக் கட்டிக்கிட்டாங்க, ஒண்ணு உயரம், ஒண்ணு குட்டை. ஊர் காட்டுற முகமும் ஊரோட முதுகும் வேற வேறன்னு அங்க நல்லாத் தெரியும்.

சர்க்கஸ்ல 14ஆம் நம்பர் வீட்டுல ஒரு பலகை. ராபர்ட் கிளைவ் இங்க இருந்தார்னு. நான் படிச்சுக் காட்டினதும் அம்மா நின்னுட்டாங்க. "எது, நம்ம ஆற்காட்டு கிளைவா?"

அவரேதான். 1744ல் கிழக்கிந்தியக் கம்பெனியோட எழுத்தரா மெட்ராஸ் கோட்டைக்கு வந்த பையன். 1751ல் ஆற்காட்டைப் பிடிச்சு, 50 நாள் முற்றுகையைத் தாக்குப்பிடிச்சார். 1757 பிளாசி. 1765ல் வங்காளத்தோட வரி வசூல் கம்பெனி கைக்கு வந்தது. 1770ல் வங்காளத்துல பெரும் பஞ்சம். கிளைவ் சேர்த்த சொத்தைப் பத்தி இங்கிலாந்து பார்லிமெண்டே விசாரணை வச்சது. தீராத வயித்து வலிக்கு அபின் சாப்பிட்டவர், வலிக்கு மருந்து தேடி இந்த ஊருக்கு வந்தார். 1774 நவம்பர்ல லண்டன் வீட்டுல இறந்துபோனார்.

அங்கிருந்து கீழ இறங்கினா பல்ட்னி பாலம். ரெண்டு பக்கமும் கடை வச்ச பாலம், 1774ல் முடிஞ்சது. பாலத்தைக் கட்டவச்ச வில்லியம் ஜான்ஸ்டன் பல்ட்னிக்குக் கரீபியன் தீவுகள்ல தோட்டங்கள் இருந்தது. வேலை செஞ்சது ஆப்பிரிக்காவுல இருந்து பிடிச்சுட்டு வந்த அடிமைகள். பக்கத்துத் துறைமுகமான பிரிஸ்டல் அந்த வியாபாரத்துல கொழிச்ச ஊர். பாத் பன் தலையில மின்னுற சர்க்கரைக்கு இருக்கிற கதை இதுதான்.

இதையெல்லாம் சொல்றது உங்க டீயைக் கசக்க வைக்கிறதுக்கு இல்லை. சர்க்கஸ் அழகுதான், நானும் நாப்பது போட்டோ எடுத்தேன். யார் காசுன்னு தெரிஞ்சு பார்த்தா இன்னும் தெளிவாத் தெரியும், அவ்வளவுதான்.

ஞாயிறு: யாரும் போட்டோ எடுக்காத கட்டடம்

ஞாயிற்றுக்கிழமை காலையில அப்பர் பரோ வால்ஸ்னு ஒரு தெரு. அங்க பெருசா ஒரு பழைய கல் கட்டடம். டூரிஸ்ட்டுங்க அதைத் தாண்டிப் போய்க்கிட்டே இருந்தாங்க. என்னைக் கேட்டா பாத்லயே முக்கியமான கட்டடம் அதுதான்.

மினரல் வாட்டர் ஹாஸ்பிடல். 1742ல் திறந்தது, ஏழைகளுக்காக. நேத்து சொன்ன அதே மூணு பேர்: நாஷ் பணக்காரங்ககிட்ட வசூல் பண்ணார், ஆலன் கல் கொடுத்தார், வுட் சம்பளம் வாங்காம வரைஞ்சு கொடுத்தார். தர்ம சிந்தனை உண்டு. கூடவே, தண்ணியைத் தேடி வந்த ஏழை நோயாளிங்க தெருவுல பிச்சை எடுத்தா விருந்தாளிங்க முகம் சுளிப்பாங்களேங்கிற கவலையும் உண்டு. அதனால நிபந்தனைகள். வெளியூர்க்காரங்களுக்கு மட்டும்தான் இடம். முன்பணம் கட்டணும். எதுக்குன்னா, குணமானா ஊருக்குத் திரும்புற செலவுக்கு, இறந்துட்டா அடக்கச் செலவுக்கு.

அங்க டாக்டரா இருந்தவர் வில்லியம் ஆலிவர். பாத் ஆலிவர்னு ஒரு பிஸ்கட் இருக்கு, இனிப்பே இல்லாம மொறுமொறுன்னு, சீஸ் வச்சு சாப்பிடுவாங்க. அவர் நோயாளிங்களுக்காகக் கண்டுபிடிச்சதுன்னு சொல்வாங்க. ஊருக்குப் போகும்போது வாங்கிட்டுப் போக நல்ல அயிட்டம், சீக்கிரம் கெடாது.

அங்க வந்த நோயாளிங்கள்ல நிறைய பேருக்குக் கை கால் விளங்காத பக்கவாதம். யாருன்னு பார்த்தா பெயிண்டர், பிளம்பர், காரீயம் உருக்குறவங்க. டெவன் பக்கத்துல இருந்து சைடர்ங்கிற ஆப்பிள் சாராயம் குடிச்சவங்களும் உண்டு. சைடர் பிழியிற செக்குல காரீயம் இருந்ததுன்னு ஜார்ஜ் பேக்கர்ங்கிற டாக்டர் 1767ல் காட்டினார். எல்லாத்துக்கும் ஒரே காரணம், உடம்புல ஏறின காரீய விஷம்.

இவங்கள்ல கணிசமான பேர் குணமாகி நடந்து வீட்டுக்குப் போனதா ஆஸ்பத்திரிப் பதிவேடு சொல்லுது. ரொம்ப நாளா இதை யாரும் பெருசா நம்பல. தண்ணியில குளிச்சா பக்கவாதம் போகுமா என்ன? 1980களில் பிரிஸ்டல்ல டாக்டருங்க ஆளுங்களைக் கழுத்தளவு தண்ணியில உட்கார வச்சு அளந்து பார்த்தாங்க. கழுத்துவரை தண்ணியில இருந்தா, தண்ணியோட அழுத்தம் கால்ல இருக்கிற ரத்தத்தை நெஞ்சுப் பக்கம் தள்ளும். உடம்பு, "ஐயோ ரத்தம் ஜாஸ்தியாயிடுச்சு"ன்னு நினைச்சு, சிறுநீரகத்துக்கு வேலை கொடுக்கும். சிறுநீர் நிறையப் போகும். அதோட காரீயமும் வெளியே போகும்.

தாது, தேவதை எதுவும் காரணம் இல்லை. மணிக்கணக்கா, மாசக்கணக்கா கழுத்தளவு தண்ணியில இருந்ததும், அந்த வேலையை விட்டுத் தள்ளி இருந்ததும், ஒழுங்கா சாப்பாடு கிடைச்சதும்தான் காரணம். காலையில முக்கு போட்டுட்டு, ராத்திரி ஒயின் குடிக்கப் போன பணக்காரங்களுக்கு அது வாய்க்கல. பாத் தண்ணி உண்மையிலயே நல்லா வேலை செஞ்சது, காரீயத்துல வேலை பார்த்த கூலிக்காரங்களுக்குத்தான். ஆனா ஊரோட பேர் சரவிளக்குக்குப் போயிடுச்சு.

அந்த ஆஸ்பத்திரி 2019ல் வேற இடத்துக்கு மாறிடுச்சு. பழைய கட்டடத்தை ஹோட்டலாக்குறதுக்கு வித்துட்டாங்க.

கடைசியா, கழுத்தளவு தண்ணி

20ஆம் நூற்றாண்டுல அரசு மருத்துவத் திட்டத்துலயே இந்தக் குளியலை டாக்டர் எழுதிக் கொடுக்க முடிஞ்சது. 1976ல் அது நின்னுபோச்சு. 1978ல் ஒரு சின்னப் பொண்ணு அந்தத் தண்ணியில நீந்தி, அதுல இருந்த அமீபா மூளையைத் தாக்கி இறந்துபோனா. குளங்களை மூடிட்டாங்க. அம்மா கால் நனைக்க முடியாததுக்கு அதுதான் காரணம், அது நியாயமான காரணம். அப்புறம் கிட்டத்தட்ட 28 வருஷம் அந்த ஊர்ல ஊற்றுத் தண்ணியில யாரும் குளிக்க முடியல. 2006ல்தான் தெர்மே பாத் ஸ்பா திறந்தது. ஆழ்குழாயில எடுத்து, சுத்தம் பண்ண தண்ணி. மொட்டைமாடியில குளம்.

ரெண்டு மணி நேரத்துக்கு நாப்பது பவுண்டுக்கு மேல. அம்மா ரூபாயில கணக்குப் போட்டாங்க. அப்புறம் நீச்சல் உடையில போறவங்களைப் பார்த்தாங்க. "அந்தக் கான்வாஸ் அங்கி இருந்தாலாவது போயிருப்பேன். நீ போயிட்டு வா"ன்னு எதிர்ல இருந்த பெஞ்சுல பாத் ஆலிவர் பாக்கெட்டைப் பிரிச்சு உட்கார்ந்துட்டாங்க.

போனேன். சாயங்கால வெளிச்சம், அபே கோபுரம், சுத்தி மலை, கழுத்தளவு வெந்நீர். கண்டிப்பா ஒரு தடவை போகலாம். சாயங்கால ஸ்லாட் எடுங்க. அரை மணி நேரத்துல எனக்கு பாத்ரூம் அவசரமா வந்துச்சு. பிரிஸ்டல் டாக்டருங்க சொன்னது சரிதான்னு அங்கதான் புரிஞ்சுது. என் உடம்புல போகவேண்டிய காரீயம்தான் எதுவும் இல்லை.

தலையைத் துவட்டிக்கிட்டு வெளியே வந்தேன். அம்மா பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டு எழுந்தாங்க, முட்டியைப் பிடிச்சுக்கிட்டு.

"எப்படி இருந்துச்சு? வலியெல்லாம் போச்சா?"

"எனக்குத்தான் வலியே இல்லையேம்மா."

"அதான் கேட்டேன்"னாங்க.

ரயிலுக்கு நேரமாச்சு. மெதுவா நடந்தோம்.